கைக்குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது: டிஸ்சார்ஜ் நாளிலிருந்து ஒரு வயது வரை

முதல் குழந்தை பிறந்த வீட்டில் ஆளுக்கு ஒரு படுக்கை முறை சொல்வார்கள். மல்லாக்கப் போட்டால் பின்மண்டை சப்பையாகிவிடும் என்பார் ஒருவர். குப்புறப் போட்டால்தான் வாயு பிரியும் என்பார் இன்னொருவர். ஒருக்களித்துப் போடுங்கள், பால் கக்கினாலும் புரை ஏறாது என்று ஆஸ்பத்திரி ஆயாம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார். இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டுக் கட்டுரைகள். அவற்றில் கிரிப் என்ற குழந்தைக் கட்டில் இருக்கும், தனி அறை இருக்கும், ஹீட்டர் இருக்கும். தூளி இருக்காது, சாம்பிராணி இருக்காது, மாமியார் இருக்கமாட்டார். நம் வீட்டில் இதெல்லாம் இருக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எனக்குப் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வயது வரை, இரவோ பகலோ, பத்து நிமிடக் கோழித்தூக்கமோ, குழந்தையைத் தூங்கப் போடுவது மல்லாக்கத்தான். படுக்கை சாய்வு இல்லாமல் தட்டையாகவும் அமுங்காமல் கெட்டியாகவும் இருக்க வேண்டும். படுக்கையில் குழந்தையைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அம்மா படுக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் ஆபத்தைக் குறைக்கத்தான் இவ்வளவும். அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும், ஒரு கூட்டு வீட்டில் நடத்திக் காட்டுவதுதான் வேலை.

நான் மருத்துவர் இல்லை. உங்கள் குழந்தைக்கு மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் முதல் படி.

1. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்

தனியார் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் நாள் எப்படிப் போகும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். பில், இன்சூரன்ஸ் அப்ரூவல், மருந்துக் கணக்கு என்று மாலை வரை இழுக்கும். ஆனால் குழந்தை மருத்துவர் காலை ரவுண்ட்ஸோடு போய்விடுவார். அதனால் கேட்க வேண்டியதைக் காலையிலேயே கேட்டுவிடுங்கள். சாயங்காலம் பேப்பர் கைக்கு வந்த பிறகு கேட்டால், "அதெல்லாம் அடுத்த விசிட்ல கேட்டுக்கங்க" என்பார்கள்.

கேட்க வேண்டியவை இவை. குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன என்பது சம்மரியில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்த குழந்தைக்கும் தூக்கத்தில் ஆபத்து அதிகம், கவனமும் அதிகம் வேண்டும். இடுப்பு மூட்டைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். துணியில் சுற்றுவதைப் பற்றிப் பின்னால் வரும்போது இது தேவைப்படும். கடைசியாக, "படுக்கும் முறை: மல்லாக்க" என்ற ஒரு வரியை அறிவுரைப் பகுதியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். பத்து விநாடி வேலை.

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியூ) இருந்த குழந்தை என்றால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறைமாதக் குழந்தையை அங்கே குப்புறப் போட்டிருப்பதை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். மூச்சு சீராகும் என்பதற்காகச் செய்வது அது. இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும் மானிட்டர் மாட்டியிருக்கும், பக்கத்தில் நர்ஸ் இருப்பார். வீட்டில் இரண்டும் கிடையாது. "ஆஸ்பத்திரியிலயே அப்படித்தானே போட்டாங்க" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள் என்பதால், எப்போதிலிருந்து மல்லாக்க மாற்றினார்கள் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் முன்பே மாற்றிப் பழக்கியிருக்க வேண்டும்.

குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைக்கச் சொல்லும் அரிய நிலைகளும் உண்டு. பிறவியிலேயே தாடை மிகச் சிறிதாக இருந்து நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும் குழந்தைக்கு அப்படிச் சொல்வார்கள். அப்போது எத்தனை மாதம் வரை, எந்தக் கண்காணிப்போடு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் டிஸ்சார்ஜ் சீட்டோடு தாய்-சேய் நல அட்டையும் கையில் இருக்கும். அதில் எழுதித் தரச் சொல்லி ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்கலாம். தேசியத் திட்டப்படி, பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர் வரும்போது தொட்டில், படுக்கை எல்லாவற்றையும் காட்டி, பெரியவர்கள் காதில் விழும்படி சந்தேகம் கேளுங்கள்.

செலவு: ஜெராக்ஸ் காசு. இரண்டு நகல் எடுங்கள். ஒன்று அம்மா வீட்டில், ஒன்று மாமியார் வீட்டில். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தைப் பீரோ கதவில் ஒட்டி வைத்தோம். மருமகள் சொன்னால் வாதம், டாக்டர் எழுதினால் உத்தரவு. நம் வீடுகள் அப்படித்தான் இயங்குகின்றன.

2. நான்கு கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருங்கள்

காகிதம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிக்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

"மல்லாக்கப் போட்டா பால் புரை ஏறாதா?" இதுதான் எல்லோருக்கும் உள்ள உண்மையான பயம், நியாயமான பயமும்கூட. கழுத்துக்குள் மூச்சுக்குழாய் முன்பக்கமும் உணவுக்குழாய் பின்பக்கமும் இருக்கின்றன. குழந்தை மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும் என்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இந்த வரிசை மாறிவிடுகிறது. பால் மூச்சுக்குழாயின் வாய்க்கு நேராகவே இறங்கும். பால் எதுக்களிக்கும் குழந்தைக்கும் மல்லாக்கத்தான் சரி. பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வந்த பிறகு படுக்க வையுங்கள்.

"குப்புறப் போட்டா நல்லாத் தூங்குதே?" தூங்கும்தான், பொய்யில்லை. ஆனால் ஆபத்தே அந்த ஆழ்ந்த தூக்கம்தான். மூச்சு குறையும்போது திடுக்கிட்டு விழித்து முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் குழந்தையின் பாதுகாப்பு. குப்புறக் கிடக்கும்போது அந்த விழிப்பு எளிதில் வராது. முகத்துக்கும் துணிக்கும் நடுவே தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், உடம்பின் சூடும் வெளியேறாது. மல்லாக்கப் படுத்த குழந்தை அடிக்கடி சிணுங்கி எழுவது குறையே அல்ல.

"ஒருக்களிச்சுப் போட்டா?" ஒருக்களித்துப் படுத்த குழந்தை எந்தப் பக்கமும் சாயலாம், குப்புறவும் சாயலாம். அண்டக் கொடுக்கும் குட்டித் தலையணை முகத்தை மூடலாம். வேண்டாம்.

"நாங்கள்லாம் குப்புறப் போட்டுத்தானே வளர்த்தோம்?" இதற்கு எதிர்வாதம் செய்து யாரும் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தகவலை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1992-இல் குழந்தை மருத்துவர்கள் குப்புறப் போடாதீர்கள் என்று அறிவுறுத்தி, 1994-இல் அதைப் பெரிய பிரசாரமாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே திடீர் சிசு மரணங்கள், அதாவது காரணம் தெரியாமல் குழந்தைகள் தூக்கத்தில் இறப்பது, பாதிக்கு மேல் குறைந்தன. அதற்கும் மசியவில்லையா? ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டியைக் கூடவே அழைத்துப் போங்கள். "அத்தை, நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க" என்று அவர் கையில் விட்டுவிடுங்கள். தானே கேட்டுத் தெரிந்துகொண்டதை அவர் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்வார். எங்கள் வீட்டில் இப்போது அதைப் பிரசாரம் செய்வதே அவர்தான்.

3. படுக்கை: குறைவாக வாங்குங்கள்

இதில் பணம் வீணாவதைப் போல் வேறு எதிலும் வீணாகாது. கடையில் "பேபி பெட் செட்" என்று அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள்: மெத்து மெத்தென்ற மெத்தை, இரண்டு பக்கமும் குட்டி உருளைத் தலையணை, நடுவில் பள்ளம் வைத்த தலையணை, ஓரத்தில் பஞ்சுத் தடுப்பு. ஆயிரம் ரூபாயிலிருந்து மூவாயிரம் வரை. இதில் மேலே கவிழ்க்கும் குடை கொசுவலையைத் தவிர ஒன்றும் தேவையில்லை. அதைத் தனியாகவே சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். பஞ்சுத் தடுப்பையும், சாய்வாகப் படுக்க வைக்கும் தொட்டில்களையும் விற்கவே கூடாது என்று அமெரிக்காவில் 2022-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே பரிசாக வந்து குவியும். நன்றி சொல்லி வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். பாட்டி ஆசையாகத் தைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அது குழந்தையின் எடைக்கே குழியும், கொஞ்ச நாளில் நடுவில் நிரந்தரப் பள்ளம் விழும்.

செலவே இல்லாத வழி: தரையில் கோரைப்பாய், அதன்மேல் பவானி ஜமுக்காளத்தை மடித்து இறுக்கமாக விரித்து, ரப்பர் ஷீட், அதன்மேல் ஒரு பருத்தித் துணி. துணியின் ஓரங்களை ஜமுக்காளத்துக்கு அடியில் செருகிவிடுங்கள், சுருங்கி முகத்துக்கு வராது. ஈரம் தட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மெத்தை வேண்டும் என்றால் ஃபோம் கடைக்குப் போய், இருப்பதிலேயே கெட்டியான ரீபாண்டட் ஃபோமில் நான்குக்கு இரண்டடி, இரண்டு அல்லது மூன்று அங்குல கனத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். உறை தைப்பதோடு சேர்த்து எங்களுக்கு ஆயிரத்தைச் சுற்றி ஆனது. கையை நன்றாக அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே மறைய வேண்டும், அதுதான் சோதனை.

மரக்கட்டில் வாங்குவதானால் இரண்டைப் பாருங்கள். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது. ஓஎல்எக்ஸில் பழையது வாங்கலாம், மலிவு. நட்டு, போல்ட் எல்லாம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடுகுத் தலையணை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலை உருண்டையாக வரும் என்று எங்கும் விற்கிறார்கள், ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. தலையின் வடிவத்தைத் திருத்தும் என்று விற்கும் தலையணைகளைக் கைக்குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-இல் எச்சரித்தது. தலையணை எதுவானாலும் கைக்குழந்தையின் தாடையை மார்பை நோக்கித் தள்ளும். ஒரு வயது வரை தலையணையே கிடையாது.

4. தூளி: ஆட்டலாம், ஆனால்

இந்தக் கட்டுரையில் என்னோடு அதிகம் பேர் சண்டைக்கு வரப்போவது இங்கேதான். தூளியில் படுத்த பச்சைக் குழந்தையைப் பக்கவாட்டில் நின்று உற்றுப் பாருங்கள். புடவையின் வளைவில் இடுப்பு கீழே இறங்கி, தலை மேலே தூக்கி, தாடை மார்பில் முட்டிக்கொண்டிருக்கும். தலை நிற்காத குழந்தையால் அதை நிமிர்த்த முடியாது. குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, அந்த மடிப்பிலேயே ஒடுங்கும். கொஞ்சம் புரண்டால் முகம் புடவையில் பதியும். புடவை இரண்டு பக்கமும் மூடியிருப்பதால் தள்ளி இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

முதல் மூன்று நான்கு மாதம் தூளியே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நடக்காத வீடுகளில் நான் சொல்லும் சமரசம் இது: தூளி தூங்க வைக்க, தூங்குவதற்கு இல்லை. ஆட்டுங்கள், பாடுங்கள். கண் அயர்ந்ததும் எடுத்துத் தரைப் படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். ஆட்டுகிறவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கும்படி உட்கார வேண்டும். வேறு அறையில் உட்கார்ந்து கயிற்றால் இழுத்து ஆட்டுவது கூடவே கூடாது.

கட்டும்போது பருத்திப் புடவையாகக் கட்டுங்கள். பட்டும் நைலக்ஸும் வழுக்கும். மேலே தொட்டில் கட்டை கொடுத்து வாயை அகலமாக விரியுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மேல் வேண்டாம், கீழே ஜமுக்காளம் விரித்திருக்கட்டும். வாடகை வீட்டில் கொக்கி இல்லை என்று ஜன்னல் கம்பியிலோ மின்விசிறிக் கொக்கியிலோ மாட்டாதீர்கள். ஸ்டாண்டோடு வரும் ஸ்பிரிங் தொட்டில் வாங்கினாலும் வளைவு வளைவுதான்; அது கொக்கிப் பிரச்சினையைத் தீர்க்கும், தாடைப் பிரச்சினையைத் தீர்க்காது.

வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால், வேலை முடிந்ததும் தூளியை அவிழ்த்து எடுத்துவிடுங்கள். தூளியில் சுற்றி விளையாடி, புடவை கழுத்தில் முறுக்கிக்கொண்டு பிள்ளைகள் இறந்த செய்திகள் நம் ஊர் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

கார் சீட், ஸ்ட்ரோலர், கங்காரு பை எல்லாவற்றுக்கும் இதே தாடைக் கணக்குதான். பயணத்தில் தூங்கினால் சரி. வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் தட்டையாகப் படுக்க வையுங்கள்.

5. இரவில் யார் எங்கே படுப்பது

அம்மாவின் பாய்க்குக் கை எட்டும் தூரத்தில் குழந்தையின் பாய். முதல் ஆறு மாதமாவது ஒரே அறை. இதில் நம் வழக்கமும் மருத்துவர் சொல்வதும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

ஒரே படுக்கையில்தான் படுப்போம் என்கிறவர்கள் இதையாவது கவனியுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, நான்கு மாதம் ஆகாத குழந்தை, வீட்டில் சிகரெட் பிடிப்பவர், குடித்துவிட்டுப் படுப்பவர், அசதி தரும் மாத்திரை எடுக்கும் அம்மா இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஒரே படுக்கை மிகவும் ஆபத்து. சிசேரியனுக்குப் பின் கொடுக்கும் வலி மாத்திரை தூக்கம் வரவழைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருக்கக் கூடாது. "சுவர் ஓரமாப் போட்டா விழாது" என்று போடும் இடம்தான் குழந்தை சிக்கிக்கொள்ளும் இடம்.

சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டே தூங்கிப்போவது, அப்பா நெஞ்சில் குழந்தையைப் போட்டுக்கொண்டு சோபாவில் கண் அயர்வது: இருப்பதிலேயே ஆபத்தானவை இவை. இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் சொக்குகிறது என்றால் சோபாவைவிடத் தரைப் பாயில் படுத்துப் பால் கொடுப்பது மேல். சுற்றிலும் இருக்கும் தலையணை, போர்வையை அதற்கு முன்பே தள்ளி வைத்துவிடுங்கள். விழிப்பு வந்ததும் குழந்தையை அதன் பாய்க்கு மாற்றுங்கள். தாய்ப்பாலும் திடீர் மரண ஆபத்தைக் குறைக்கிறது. அதனால் படுக்கையைப் பிரிப்பதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

குழந்தை நீலம் பாரித்தோ துவண்டோ மூச்சு விடாமலோ இருந்தால் 108. மூச்சு அடைத்தால் என்ன செய்வது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸிடம் பொம்மையில் செய்து காட்டச் சொல்லுங்கள். படித்துக் கற்கும் விஷயமில்லை அது.

6. சூடு, துணி, புகை

நம் ஊர் வெயிலில் பச்சை உடம்புக்காரிக்கும் குழந்தைக்கும் ஸ்வெட்டர் போடுவார்கள். உடம்பு அதிகம் சூடாவதும் தூக்க மரணத்துக்கு ஒரு காரணம். உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருப்பது இயல்பு, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பின்கழுத்தையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். ஃபேன் போடலாம், ஏசியும் போடலாம்; காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். வீட்டில் தூங்கும்போது தொப்பி வேண்டாம்.

துணியில் சுற்றுவதானால் கைகளை மட்டும் அடக்கி, கால்கள் தவளைக் கால்போல மடங்கி விரியும் அளவுக்குக் கீழே தளர்வாக விடுங்கள். காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகலாம். சுற்றிய குழந்தை மல்லாக்க மட்டுமே படுக்க வேண்டும். புரள முயற்சி செய்கிறது என்று தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்துங்கள். சில குழந்தைகள் இரண்டு மாதம் முடிவதற்குள்ளேயே முயற்சிக்கும்.

இதையெல்லாம் தனித்தனியாகச் சொல்கிறேன். ஆனால் எண்ணெய்க் குளியல் நாளில் எல்லாம் ஒன்றாகக் கூடும் என்பதைக் கவனியுங்கள். குளித்த அசதியில் குழந்தை வழக்கத்தைவிட ஆழ்ந்து தூங்கும். தலையில் தொப்பி, உடம்பைச் சுற்றி இறுக்கமாகத் துணி, அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை, அப்புறம் தூளி, "இன்னைக்கு நாலு மணி நேரம் எந்திரிக்காது" என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குளிப்பாட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புகை வேண்டாம், போட்டே தீருவேன் என்பவர்கள் வேறு அறையில் போட்டு, அது முழுக்க அடங்கிய பிறகே குழந்தையைக் கொண்டு வரட்டும். கொசுவர்த்திக்குப் பதில் வலை. அந்த ஒரு தூக்கத்துக்கு மட்டுமாவது ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

கழுத்தில் கயிறு, செயின், தாயத்து எதுவும் தூங்கும்போது வேண்டாம். வசம்பு வளையலும் மணி உதிர்ந்தால் வாய்க்குத்தான் போகும்.

7. விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள்

குப்புறப் போடச் சொல்லும் பெரியவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் வேலை இது. குழந்தை விழித்திருக்கும்போது, கண் எதிரே, கெட்டியான பாயில் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்கலாம்: ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. இரண்டு மாதம் ஆகும்போது எல்லாம் சேர்த்து நாளுக்குக் கால் மணியிலிருந்து அரை மணி வரை வந்துவிட வேண்டும். தவழாத குழந்தைக்கு நாளுக்கு அரை மணி நேரமாவது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. பால் குடித்த உடனே வேண்டாம், கக்கிவிடும். டயப்பர் மாற்றிய கையோடு செய்தால் மறக்காது. கண் சொக்கினால் உடனே மல்லாக்கத் திருப்பிவிடுங்கள்.

8. தலை சப்பையாகிறது, கழுத்து ஒரு பக்கமே திரும்புகிறது

மல்லாக்கப் படுக்கும் குழந்தைகளில் பலருக்குப் பின்மண்டை கொஞ்சம் தட்டையாகும். பெரும்பாலும் தலை நின்று, உட்கார ஆரம்பித்த பிறகு தானே சரியாகிவிடும். அதற்காக யாரும் குப்புறப் போடத் தேவையில்லை.

குழந்தை எந்தப் பக்கம் வெளிச்சமும் அம்மாவும் இருக்கிறார்களோ அந்தப் பக்கமே திரும்பும். அதனால் தலைமாட்டை ஒரு நாள் கிழக்கு, மறுநாள் மேற்கு என்று மாற்றுங்கள். மேற்கு மத்திமம்தான், ஆனாலும் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்கள். வடக்கே தலை வைக்கப் போனால் அதற்குத் தனிச் சண்டை வரும். தூக்கிக்கொள்ளும் தோளையும் மாற்றி மாற்றி வையுங்கள்.

எவ்வளவு மாற்றியும் ஒரே பக்கம்தான் திரும்புகிறது என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். சில குழந்தைகளுக்குக் கழுத்தின் பக்கவாட்டில் சின்னக் கட்டிபோலக் கையில் தட்டுப்படும். வீட்டில் "உரம் விழுந்திருக்கு" என்பார்கள். உரம் எடுக்கிறேன் என்று புடவையில் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உருட்டுவார்கள். தலை நிற்காத குழந்தைக்கு அதைச் செய்ய விடாதீர்கள். இதற்குச் சரியான இடம் பிசியோதெரபிஸ்ட். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு எளிதாகச் சரியாகும்.

தனியாக அப்பாயின்ட்மென்ட் எடுக்க அலைய வேண்டாம். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போகிறீர்கள். அப்போதே, "தலை, கழுத்து, இடுப்பு மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் குழந்தையின் தலையை நேர் மேலிருந்து ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்தால் வித்தியாசம் மருத்துவருக்கு உடனே தெரியும். உச்சந்தலையில் கெட்டியான மேடு தட்டுப்பட்டாலோ, உச்சிக்குழி சீக்கிரமே மூடிவிட்டதாகத் தோன்றினாலோ தடுப்பூசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

தனியார் பிசியோதெரபிக்கு எங்களிடம் ஒரு அமர்வுக்கு ஐந்நூறு வாங்கினார்கள். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதே சேவை இலவசம். பொதுவாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். தாய்-சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, பெற்றோரில் ஒருவரின் ஆதார் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது. முதல் நாளில் மதிப்பீட்டோடு வீட்டில் செய்யும் பயிற்சியையும் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்கள். மீதி வேலை முழுக்க வீட்டில்தான்.

பொறி: தலையின் வடிவத்தைத் திருத்த மாட்டும் ஹெல்மெட். தலையை இலவசமாக ஸ்கேன் செய்கிறோம் என்று கூப்பிடுவார்கள். எங்களுக்குச் சொன்ன விலை ஒரு லட்சத்துக்கு மேல். இரண்டே வாரத்தில் முடிவெடுக்காவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்றும் சொன்னார்கள். லேசான தட்டைக்கு அது தேவைப்படாது. மிதமாகவோ அதிகமாகவோ இருந்து, பயிற்சி கொடுத்தும் மாறாத குழந்தைக்கே மருத்துவர்கள் அதைப் பரிசீலிப்பார்கள். விற்கிறவர் அல்லாத ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

9. குப்புற விழ ஆரம்பித்த பிறகு

நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் குழந்தை குப்புற விழும். வீட்டில் இனிப்பு செய்வார்கள். உங்களுக்கோ இரவெல்லாம் எழுந்து திருப்பிப் போடும் வேலை வந்துவிட்டதே என்று கலக்கமாக இருக்கும்.

மல்லாக்கிலிருந்து குப்புறவும், குப்புறவிலிருந்து மல்லாக்கவும் இரண்டு பக்கமும் தானே திரும்பத் தெரிந்த குழந்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். நீங்கள் படுக்க வைப்பது மல்லாக்க. அதற்குப் பிறகு அது தானாகத் தேர்ந்தெடுத்தால் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த அந்த இடைப்பட்ட சில வாரங்களில் பார்க்கும்போதெல்லாம் மல்லாக்கத் திருப்புங்கள். தூளியை இதற்குமேல் எந்தச் சமரசத்திலும் தொடராதீர்கள், பெரியவர்கள் கட்டிலில் தனியாக விடாதீர்கள். திருப்பம் தெரிந்த குழந்தை நொடியில் விளிம்புக்கு வந்துவிடும்.

10. வேறு கையில் விடும்போது

தனியார் வேலையில் பிரசவ விடுப்பு 26 வாரம். முடிந்ததும் குழந்தை பாட்டியிடமோ, வேலைக்கு வரும் அக்காவிடமோ, கிரெஷ் என்ற குழந்தைக் காப்பகத்திலோ இருக்கும். மல்லாக்கப் படுத்தே பழகிய குழந்தையை யாராவது திடீரென்று ஒரு நாள் குப்புறப் போட்டால், எப்போதும் குப்புறப் படுக்கும் குழந்தையைவிட அதற்கு ஆபத்து பல மடங்கு அதிகம். கிரெஷ்ஷில் சேர்க்கும் முன் மதியத் தூக்க நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். எத்தனை குழந்தைகள் எந்த நிலையில் தூங்குகிறார்கள், ஒரே அறையில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, முகம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே விட மறுத்தால் வேறு கிரெஷ் தேடுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் "சிறப்புக் குறிப்பு" என்ற இடத்தில் எழுதிக் கொடுங்கள்: எப்போதும் மல்லாக்க, தலையணை இல்லை, போர்வை இல்லை, தூளி இல்லை, பால் புட்டியை அண்டக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியின் அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்துச் சேருங்கள். படிவத்தின் ஒரு பிரதியில் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆயா மாறினால் முதல் நாளே போய் மறுபடி சொல்லுங்கள். அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.